சந்து வளைவுக்குப் பிறந்த இன்ஜின்

பால்டிமோர் துறைமுகத்தை ஒட்டிய ஃபெல்ஸ் பாயிண்ட் பகுதியில் தண்டவாளம் தெருவோடு தெருவாக ஓடியது. இருபுறமும் கிடங்குகள், நடுவே குதிரை வண்டிகளும் சுமைக்காரர்களும், முனைக்கு முனை சட்டென்று ஒடிந்து திரும்பும் வளைவுகள். பெரிய இன்ஜினைக் கொண்டுபோய் விட்டால் முதல் திருப்பத்திலேயே தடம் புரண்டுவிடும். இந்தச் சந்துகளுக்கென்றே பால்டிமோர் அண்ட் ஒஹையோ ரயில்வே 1912இல் பால்ட்வின் தொழிற்சாலையில் நான்கு குட்டி இன்ஜின்களைச் செய்து வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் நான்கே சக்கரங்கள். தண்ணீருக்குத் தனி வண்டி கிடையாது. குதிரை முதுகில் சேணம் பூட்டியது போலப் பாய்லரின் மேலேயே தொட்டி கவிழ்ந்திருந்தது. 96 முதல் 99 வரை எண்கள் கொடுத்தார்கள்.

ரயில் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இத்தகைய இன்ஜின்கள் பக்கம் திரும்புவதில்லை. மலை ஏறியவை, நூறு மைல் வேகத்தைத் தொட்டவை, கண்டத்தைக் கடந்தவை ஆகியவற்றுக்குத்தான் படமும் பக்கமும். ஆனால் அமெரிக்க வீடுகளின் நிலவறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் மேசை போட்டு ரயில் ஓட்டியவர்களைக் கேட்டால் கதை வேறாக இருக்கும். அவர்களில் பலருக்கு முதல் இன்ஜின் இந்த நான்கில் ஒன்றின் நகல்தான். ‘டாக்சைடு’ என்றும் ‘லிட்டில் ஜோ’ என்றும் பெயர் சொல்லி அழைத்தார்கள். துறைமுகச் சந்துக்காகச் செய்யப்பட்ட உருவம் நாலடி அகல ஒட்டுப்பலகைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல் அல்ல. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், வீட்டு ரயிலுக்கு எந்த ஷண்டிங் இன்ஜினை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

நம் ஊரில் ஷண்டிங் என்று சொல்வதை அமெரிக்கர்கள் ஸ்விட்சிங் என்பார்கள். வந்து சேர்ந்த கூட்ஸ் ரயிலைப் பிரித்து, எந்த வேகன் எந்தத் தொழிற்சாலைக்கு, எது அடுத்த ஊருக்கு என்று வகைபிரித்து வேறு வேறு பாதைகளில் தள்ளி, மறுபடி கோத்து அனுப்பும் வேலை. முன்னே போய், நின்று, பின்னே வந்து, ஒரு வேகனை விட்டு, இன்னொன்றைப் பிடித்து, நாள் முழுக்க இப்படியே. ஒவ்வொரு முறையும் நகரும் தூரம் சில நூறு அடிதான். எதிரே வந்ததையெல்லாம் முட்டித் தள்ளியதாலோ என்னவோ, ரயில்வே ஆட்கள் இந்த வேலை செய்யும் இன்ஜினுக்கு ‘ஆடு’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பென்சில்வேனியா ரயில்வேயில் ‘ஷிஃப்டர்’ என்றார்கள்.

தொடக்கத்தில் இதற்கென்று தனி இன்ஜின் எங்கும் இருக்கவில்லை. பல இடங்களில் குதிரைகளே வேகன்களை இழுத்தன. நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கிழட்டு இன்ஜின்கள், வேகன்களைப் பிரித்துக் கோக்கும் யார்டுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு நகரங்கள் பெருத்து, யார்டுகள் பல மைல் நீளத்துக்கு விரிந்தபோதுதான் ஷண்டிங்கிற்கு என்றே ஓர் உடலமைப்பு உருவானது. அந்த உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு.

முதலில் சக்கரம். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயில் பணியாற்றிய ஃபிரடெரிக் மெத்வன் வைட் என்ற பொறியாளர் 1900இல் இன்ஜின்களைச் சக்கர எண்ணிக்கையால் குறிக்கும் ஒரு முறையை வகுத்தார். முன்னே வழிகாட்டும் சக்கரங்கள், நடுவே இழுக்கும் சக்கரங்கள், பின்னே தாங்கும் சக்கரங்கள் என்று மூன்று எண்கள். அந்தக் கணக்கில் ஷண்டிங் இன்ஜின் 0-4-0, 0-6-0, அல்லது 0-8-0. முதல் எண்ணும் கடைசி எண்ணும் சுழி. வழிகாட்டும் சக்கரம் வேகமாக ஓடுகிறவனுக்குத்தான் வேண்டும். நடை வேகத்தில் நகர்கிறவனுக்கு வேண்டாம். அதை எடுத்துவிட்டால் இன்ஜினின் எடை முழுவதும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இறங்கும். எடை இறங்கினால் பிடிப்பு கூடும், சக்கரம் வழுக்காது. இழுக்கும் சக்கரமும் சிறியது. பென்சில்வேனியாவின் புகழ்பெற்ற கே4 பயணிகள் இன்ஜினுக்கு 80 அங்குலச் சக்கரம் என்றால், வழக்கமான ஷண்டிங் இன்ஜினுக்கு 51 அங்குலம். சின்னச் சக்கரம் வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்குகிறது.

அடுத்து முகம். அமெரிக்க இன்ஜின் என்றதும் நினைவுக்கு வரும், மாட்டை ஒதுக்கித் தள்ளும் அந்த முக்கோணக் கம்பிக் கூண்டு யார்டு இன்ஜினில் இருக்காது. அதற்குப் பதில் முன்னும் பின்னும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு மரப்பலகை. யார்டு ஆட்கள் ஓடும் இன்ஜினில் அதன்மேல் ஏறி நின்றுகொண்டு பயணம் செய்வார்கள். பாதை பிரியும் பாயிண்ட் வந்ததும் குதித்து, நெம்புகோலைத் திருப்பி, மறுபடி ஏறிக்கொள்வார்கள். குளிர்காலத்து இரவில், பனி உறைந்த அந்தப் பலகையில், ஒரு கையில் விளக்கும் மறு கையில் கைப்பிடிக் கம்பியுமாக நின்றவனுக்குக் கால் ஒருமுறை வழுக்கினால் போதும். அந்தப் பலகை பலரைக் கொன்றிருக்கிறது. 1970களில்தான் அது சட்டப்படி ஒழிந்தது.

அதைவிடக் கொடியது பழைய இணைப்பு. இரும்பு வளையத்தை எதிர் வேகனின் வாய்க்குள் கையால் வழிகாட்டி நுழைத்து, இரண்டும் மோதும் கணத்தில் மேலிருந்து ஆணியை இறக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் விரல் போய்விடும். வேலை கேட்டு வருகிறவனின் கையைப் பார்த்தே அவனுடைய அனுபவத்தைச் சொல்லிவிடலாம் என்று அந்தக் காலத்து ரயில்வே ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஈலை ஜானி 1873இல் காப்புரிமை பெற்ற, விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்வது போன்ற கப்ளர் இருந்தும் ரயில்வேக்கள் செலவுக்கு அஞ்சி இழுத்தடித்தன. 1893இல் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் கையெழுத்திட்ட பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் எல்லா வேகன்களுக்கும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளர் கட்டாயமானது. இன்று மாடல் வேகன் ஒன்றை ஷண்டிங் இன்ஜின் மெல்ல முட்டும்போது கேட்கும் அந்தச் சின்ன ‘டிக்’ ஓசைக்குப் பின்னால் இவ்வளவு விரல்கள் இருக்கின்றன.

மூன்றாவது முதுகு. ஷண்டிங் இன்ஜின் முன்னே போகும் அளவுக்குப் பின்னேயும் போகும். பின்னால் தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் டெண்டர் பெட்டி உயரமாக நின்றால் டிரைவருக்கு எதுவும் தெரியாது. அதனால் டெண்டரின் பின்புறத்தைச் சாய்வாகச் சீவினார்கள். கூரை சரிந்தது போன்ற அந்தச் சாய்வு டெண்டரும், அதன் உச்சியில் பின்னோக்கிய ஒரு விளக்கும் யார்டு இன்ஜினின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆனால் சீவிய அளவுக்குத் தண்ணீர் குறைந்தது. பிற்காலத்தில், நாள் முழுக்க ஓடும் பெரிய 0-8-0களுக்குச் சாய்வில்லாத பெரிய டெண்டர்களையே பலர் பூட்டினார்கள்.

முதல் உலகப்போர் இந்த அடக்கமான இன்ஜினுக்கு ஒரு மரியாதையைக் கொண்டுவந்தது. 1917 கடைசியில் அமெரிக்காவின் கிழக்குத் துறைமுகங்களை நோக்கிப் போர்ச் சரக்கு குவிந்தது. இறக்க இடமின்றி வேகன்கள் யார்டு யார்டாகத் தேங்கின. டிசம்பர் 28 அன்று அரசே ரயில்வேக்களைக் கையில் எடுத்துக்கொண்டு யு.எஸ்.ஆர்.ஏ. என்ற நிர்வாகத்தை அமைத்தது. நிதியமைச்சர் வில்லியம் மெக்காடூ அதன் தலைவர். அதுவரை ஒவ்வொரு ரயில்வேயும் தன் சொந்த ரசனைக்கு இன்ஜின் செய்துகொண்டிருந்தது. இனி 12 மாதிரிகள்தான், எல்லாருக்கும் அவையே என்று நிர்வாகம் வகுத்தது. அந்தப் பன்னிரண்டில் இரண்டு ஷண்டிங் இன்ஜின்கள்.

இரண்டில் 0-6-0 சிறியது: 51 அங்குலச் சக்கரம், 21 அங்குல விட்டமும் 28 அங்குல ஓட்டமும் கொண்ட சிலிண்டர்கள், சதுர அங்குலத்துக்கு 190 பவுண்டு நீராவி அழுத்தம், சுமார் 39,100 பவுண்டு இழுவிசை. 0-8-0 அதே சக்கரத்தில் 25 அங்குலச் சிலிண்டரோடு சுமார் 51,000 பவுண்டு இழுத்தது. அரசு நிர்வாகத்தின் கீழ் முதலாவது வகையில் 255, இரண்டாவது வகையில் 175 இன்ஜின்கள் செய்யப்பட்டன. 1920 மார்ச்சில் ரயில்வேக்கள் உரிமையாளர்களிடம் திரும்பிய பிறகும் அந்த 0-8-0 வரைபடம் சாகவில்லை. அதை வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்களைச் செய்துகொண்டார்கள். நல்ல வரைபடம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வீட்டு ரயில்காரருக்கு, எல்லாருக்கும் ஒரே மாதிரிகள் என்ற இந்தத் தீர்மானம் ஒரு பெரிய கொடை. யு.எஸ்.ஆர்.ஏ. இன்ஜின் ஒன்றைச் செய்து வெறும் கறுப்பில் விற்றால், வாங்குகிறவர் தமக்குப் பிடித்த ரயில்வேயின் பெயரை டெண்டரில் எழுதிக்கொள்ளலாம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஒரே அச்சில் வார்த்துப் பல ரயில்வேக்களின் ரசிகர்களுக்கு விற்கலாம் என்பதால் மாடல் தயாரிப்பாளர்களும் தலைமுறை தலைமுறையாக இந்த இரண்டையே நாடினார்கள். பாக்மன் நிறுவனம் 0-6-0வை மலிவாகக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டையொட்டி லைஃப்லைக் நிறுவனத்தின் ‘புரோட்டோ 2000’ வரிசையில் வந்த 0-8-0, ஒவ்வொரு குழாயும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டு, அதுவரை பித்தளையில் மட்டுமே பார்த்த நுணுக்கத்தைப் பிளாஸ்டிக்கில் காட்டியது.

பித்தளை என்று சொல்லும்போது ஒரு நாட்டின் கதையே உள்ளே வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்கப் படைவீரர்கள், அங்குள்ள சிறிய பட்டறைகளில் கைவினைஞர்கள் பித்தளைத் தகட்டை வெட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து இன்ஜின் மாடல்கள் செய்வதைப் பார்த்தார்கள். பில் ரயன் என்பவர் நடத்திய பசிஃபிக் ஃபாஸ்ட் மெயில் போன்ற இறக்குமதி நிறுவனங்கள் 1950களிலிருந்து அவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தன. ஒரே ஒரு ரயில்வேயில் மட்டும் ஓடிய, யாரும் அச்சு வார்க்கத் துணியாத ஷண்டிங் இன்ஜின்கள்கூடச் சில நூறு எண்ணிக்கையில் பித்தளையில் உயிர்பெற்றன. ஜப்பானில் கூலி உயர்ந்ததும் அந்தக் கைவேலை தென்கொரியாவுக்கு நகர்ந்தது.

ஆனால் தொடக்கம் பித்தளையும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல. ஜோஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் நிறுவனம் பொம்மை ரயில்களைத்தான் விற்றது. நிஜ அளவுகளைப் பற்றி அது நெடுங்காலம் கவலைப்படவில்லை. ஆனால் 1939இல் அது பென்சில்வேனியாவின் பி6 வகை 0-6-0 இன்ஜினை அளவு பிசகாமல் செய்து வெளியிட்டது. முகப்பில் 8976 என்ற எண். தடதடவென்று வட்டமடிப்பதையே ரயில் விளையாட்டு என்று நினைத்திருந்த வீடுகளில், மெதுவாக நகர்ந்து வேலை செய்யும் ஓர் இன்ஜின் முதன்முறையாக மேசைமேல் நின்றது. 1946இல் கில்பர்ட் நிறுவனம் அமெரிக்கன் ஃப்ளையர் பெயரில் நிக்கல் பிளேட் ரயில்வேயின் 0-8-0வை விற்கத் தொடங்கியது.

இதற்குள் பொம்மை வேறு, மாதிரி வேறு என்ற கோடு விழுந்துவிட்டது. ஆல் கால்ம்பாக் 1934 ஜனவரியில் மில்வாக்கியிலிருந்து ‘மாடல் ரயில்ரோடர்’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதே ஊரில் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் கூடியது. ஒரு நிறுவனத்தின் சக்கரம் இன்னொரு நிறுவனத்தின் பாயிண்டில் ஏறாமல் தடம் புரண்ட காலம் அது. சங்கம் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை எழுதிக்கொடுத்தது. ஓரடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற எச்.ஓ. அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் முந்தியது. நியூஜெர்சியின் மான்டுவா, கார்டன் வார்னியின் நிறுவனம், ரவுண்ட்ஹவுஸ் போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்த உறுப்புகளைப் பெட்டியில் போட்டு விற்றன. ஒரு திருப்புளி, ஓர் அரம், சில மாலைப்பொழுதுகள் இருந்தால் இன்ஜின் தயார். வார்னியின் டாக்சைடு அப்படித்தான் வீடுகளுக்குள் வந்தது. பிறகு இத்தாலியின் ரிவரோசியும் அதையே செய்தது. பாய்லரும் சேணத் தொட்டியும் கெட்டி உலோகம் என்பதால் அந்தக் குட்டி இன்ஜின் தன் அளவுக்கு மீறி இழுத்தது.

ஏன் வீட்டுக்கு ஷண்டிங் இன்ஜின் பொருந்துகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். அமெரிக்காவில் ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டடியில் விற்கும். அதுவே அங்கே வீட்டு ரயிலின் இயல்பான மேசை. நாலடி அகலத்தில் வட்டம் போட்டால் எச்.ஓ.வில் 18 அங்குல ஆரம்தான் வசதியாக நிற்கும். அதை 87 மடங்காக்கினால் சுமார் 130 அடி. நெடும்பாதையில் அத்தகைய வளைவைக் கனவிலும் போடமாட்டார்கள். அதில் யூனியன் பசிஃபிக்கின் 1941ஆம் ஆண்டு ‘பிக் பாய்’ இன்ஜினை விட்டுப் பாருங்கள். டெண்டரோடு சேர்த்து நிஜத்தில் 132 அடிக்கு மேல், மாடலில் அரை மீட்டருக்கு நெருக்கம். தயாரிப்பாளர்கள் அதை எப்படியோ திரும்ப வைத்தாலும், பாய்லர் தண்டவாளத்தைவிட்டு வெளியே தொங்கும் காட்சி கண்ணை உறுத்தும். அதே வளைவில் டாக்சைடு திரும்பினால் பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாது. ஏனென்றால் அது பிறந்ததே அத்தகைய வளைவுக்கு.

இடம் மட்டும் அல்ல, வேலையும் பொருந்துகிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் தம் வீட்டில் எழுப்பிய ‘கோரி அண்ட் டிஃபீடட்’ என்ற கற்பனை ரயில்வே, இந்தப் பொழுதுபோக்கைக் கலையாக உயர்த்தியது. புகைப்படக் கலைஞரான அவர் வார்னியின் விளம்பரங்களுக்கும் படம் எடுத்தார். அவருடைய ரயில்வேயில் எம்மா என்ற ஸ்டெகோசாரஸ் ஒன்று ஷண்டிங் இன்ஜினுக்குப் பதிலாக வேகன் இழுத்தது என்பது ரசிகர்கள் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. அதைவிட முக்கியமானது அவர் வகுத்த ‘டைம்சேவர்’. ஒரு பலகை நீளத்தில் சில பாயிண்டுகள், சில வேகன்கள், ஓர் இன்ஜின். குறித்த வேகனைக் குறித்த இடத்தில் எத்தனை நகர்வில், எத்தனை நிமிடத்தில் சேர்க்க முடியும் என்பதே விளையாட்டு. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு உடனே பிடிபடும். 1972 நவம்பரில் அது ‘மாடல் ரயில்ரோடர்’ இதழில் வெளியானது. 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார்; பத்தே நாளில் அவருடைய ரயில்வே தீயில் எரிந்துபோனது. டைம்சேவர் பலகைகளை இன்றும் உலகெங்கும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு பலகையில் குட்டி இன்ஜினை மெதுவாக ஓட்டும்போதுதான் அதன் பலவீனமும் தெரியவரும். மாடல் இன்ஜின் மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக எடுக்கிறது. பாயிண்டின் நடுவே இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், பல தயாரிப்புகளில், மின்சாரம் பாயாத ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். நீண்ட இன்ஜினின் ஒரு சக்கரம் அதன்மேல் ஏறினாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். டாக்சைடுக்கு இரண்டு அச்சுகளுக்கிடையே ஒரு கட்டைவிரல் அகலம்தான். ஒரு சக்கரம் அந்தத் துண்டில் ஏறி, இன்னொன்றின் அடியில் கொஞ்சம் அழுக்கும் இருந்தால் இன்ஜின் அப்படியே நின்றுவிடும். விளக்கு அணையும். விரலால் லேசாக ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்த விரல் மேலிருந்து இறங்கிய கணத்தில், கட்டியெழுப்பிய ஊர், கிடங்கு, துறைமுகம் எல்லாம் மறுபடி வெறும் மேசையாகிவிடுகிறது. வீட்டு ரயில்காரர் அஞ்சுவது அந்தத் தட்டலுக்குத்தான்.

ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது குழாய் நுணுக்கத்தை அல்ல; எத்தனை சக்கரங்கள் மின்சாரம் எடுக்கின்றன என்பதை. டெண்டர் உள்ள 0-6-0வில் டெண்டரின் சக்கரங்களும் எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. பிடிப்புக்காகச் சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டிருந்தால் அந்தச் சக்கரம் மின்சாரம் எடுக்காது. சிறிய இன்ஜினில் அது நஷ்டமான பேரம். அடுத்தது வேகம். யார்டில் மணிக்குப் பத்து மைல் என்பதே தாராளம். எச்.ஓ. அளவில் அது நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர். பழைய மலிவு இன்ஜின்கள் பல நகரத் தொடங்கும்போதே இதைத் தாண்டிவிடும். கடையில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒரு சாண் நீளத்தை அது எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். துள்ளாமல், நிற்காமல் ஊர்ந்தால் வாங்கலாம்.

1990களில் தேசிய மாதிரி ரயில்வே சங்கம் ஏற்றுக்கொண்ட டி.சி.சி. என்ற எண்முறைக் கட்டுப்பாடு இங்கே பெரிய உதவி. ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடியாகக் கொண்டது அது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். இன்ஜினுக்குள் இருக்கும் சிறு சில்லு கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும். கூடவே ஒரு மின்தேக்கியை வைத்துவிட்டால், அழுக்கான இடத்தில் ஒரு நொடி மின்சாரம் போனாலும் இன்ஜின் நிற்காது. ஒலியும் வந்துவிட்டது. நீராவி இன்ஜின் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு ‘சஃப்’ வர வேண்டும். 51 அங்குலச் சக்கரம் பத்து மைல் வேகத்தில் நொடிக்கு நான்குக்குச் சற்று மேல். சக்கரத்தோடு அந்த ஓசை ஒத்துப்போகவில்லை என்றால் பழகிய காது உடனே கண்டுகொள்ளும்.

கப்ளரும் அப்படியே. ஆரிகனைச் சேர்ந்த இரட்டையர்களான கீத் எட்வர்ட்ஸ், டேல் எட்வர்ட்ஸ் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கேடீ’ என்ற பெயரில் ஒரு கப்ளர் செய்தார்கள். ஜானியின் நிஜக் கப்ளரைப் போலவே தோன்றும். தண்டவாளத்துக்கு இடையே புதைத்த காந்தத்தின் மேல் நிறுத்தினால் கை வைக்காமலே பிரிந்துகொள்ளும். விரல் இழந்த தொழிலாளியின் வலியைத் தீர்த்த அதே வடிவம் மேசைமேலும் விரலுக்கு வேலையில்லாமல் செய்தது. ஷண்டிங்கிற்கு என்றே வாங்குகிற இன்ஜினில் இந்த வகைக் கப்ளர் இல்லாவிட்டால், முதல் செலவு அதற்குத்தான்.

இவையெல்லாம் இயந்திரக் கேள்விகள். இவற்றுக்கு முன்னால் நிற்கும் கேள்வி, எந்த ஊர், எந்த ஆண்டு என்பது. 1940களின் பென்சில்வேனிய எஃகு நகரம் என்று முடிவு செய்தால், பாய்லரின் பின்பகுதி சதுரமாகத் தோள் தூக்கியிருக்கும் பி6 தவிர வேறு எதை வைத்தாலும் பொய்யாகத் தெரியும். பென்சில்வேனியா ரயில்வே பெல்பேர் என்ற அந்தச் சதுரத் தோளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. புரூக்ளின் துறைமுகம் என்றால் டெண்டரே வேண்டாம். அங்கே புரூக்ளின் ஈஸ்டர்ன் டிஸ்ட்ரிக்ட் டெர்மினல் என்ற குட்டி ரயில்வே வெளி உலகத் தண்டவாளம் எதனோடும் இணையாமல் இயங்கியது. வேகன்கள் மிதவைப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து வந்தன. ஆறு சக்கரத் தொட்டி இன்ஜின்கள் அவற்றை இழுத்து டாமினோ சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் சேர்த்தன. 1963 வரை அங்கே நீராவிதான். ஒரு சுவரோரப் பலகையில் முழு ரயில்வேயையும் அடக்கிவிடலாம் என்பதால் மாடல் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஊர் அமைவது கடினம். அங்கே உழைத்த 15ஆம் எண் இன்ஜின், 1917இல் போர்ட்டர் நிறுவனம் செய்தது, இன்று பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில்வேயில் நீல வண்ணம் பூசி ‘தாமஸ்’ ஆகக் குழந்தைகளை இழுத்துக்கொண்டிருக்கிறது.

1950க்குப் பிந்தைய காட்சி வேண்டும் என்கிறவர் கவனமாக இருக்க வேண்டும். டீசல் முதலில் பிடித்தது யார்டைத்தான். நியூஜெர்சி சென்ட்ரல் ரயில்வே 1925இலேயே 300 குதிரைத்திறன் கொண்ட 1000ஆம் எண் டீசல் இன்ஜினை நியூயார்க்கின் பிராங்ஸ் சரக்குத் துறையில் இறக்கியது. நீராவி இன்ஜின் சும்மா நிற்கும்போதும் தீ எரிந்துகொண்டே இருக்க வேண்டும், சாம்பல் வார வேண்டும், பாய்லர் கழுவ வேண்டும். யார்டு வேலையில் பாதி நேரம் காத்திருப்புதான். டீசலுக்கு அந்தச் செலவில்லை.

இந்த அலையை எதிர்த்து நின்றது வர்ஜீனியாவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். நிலக்கரியே அதன் வருமானம் என்பதால் நிலக்கரி எரிக்கும் இன்ஜினைக் கைவிட மனம் வரவில்லை. செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே டீசலுக்கு மாறியபோது, 1948இல் செய்த அதன் 30 புத்தம் புதிய 0-8-0களை 1950இல் விலைக்கு வாங்கியது. ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போய், அதே மாதிரியில் இன்னும் 45ஐ ரோனோக்கில் தன் சொந்தப் பட்டறையில் செய்துகொண்டது. அதில் கடைசி, 244ஆம் எண், 1953 டிசம்பரில் வெளிவந்தது. அமெரிக்காவின் பெரிய ரயில்வே ஒன்று தன் உபயோகத்துக்காகச் செய்த கடைசி நீராவி இன்ஜின் அதுதான். ஒரு யார்டு இன்ஜின். அதன் ஆயுள் சில ஆண்டுகளே. யாரும் அதைக் காப்பாற்றி வைக்கவில்லை.

இலினாயின் ஸ்டெர்லிங் நகரில் ஓர் எஃகு ஆலை இன்னும் பிடிவாதமாக இருந்தது. கிராண்ட் டிரங்க் வெஸ்டர்ன் கழித்துவிட்ட 0-8-0களைப் பழைய இரும்பாக உருக்க வாங்கிய நார்த்வெஸ்டர்ன் ஸ்டீல் அண்ட் வயர் நிறுவனம், நல்லவற்றை உலைக்கு அனுப்பாமல் வேலைக்கு வைத்துக்கொண்டது. ஆலையை நடத்திய டில்லனுக்கு நீராவிமேல் அத்தனை பிரியம். 1980 டிசம்பர் வரை அவை அங்கே உழைத்தன. ஆகவே 1970களின் டீசல் காட்சிக்கு நடுவிலும் ஒரு 0-8-0வை உண்மை பிசகாமல் நிறுத்த வேண்டும் என்கிறவருக்கு ஸ்டெர்லிங் இருக்கிறது. அந்த இன்ஜின்களில் 73ஆம் எண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது.

ஃபெல்ஸ் பாயிண்டின் சந்துகளில் ஓடிய நான்கும் போய்விட்டன. எந்த அருங்காட்சியகத்திலும் ஒன்றுகூட இல்லை. வார்னி வார்த்த டாக்சைடுகள் மட்டும் அமெரிக்காவின் பழைய மாடல் சந்தைகளில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சக்கரத்தைத் துடைத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.